குழாயை அடைத்த பசு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

அதியன்னூர் பக்கத்து ஊரொன்றில் வீட்டுக்கும் மாட்டுக்கும் சேர்த்து ஊர்த் தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான். மூன்று முறை தண்ணீரை வீணாக ஓடவிட்டால் இணைப்பை வெட்டிவிடுவார்கள். ஜிஜிக்கு அன்று மூன்றாவது முறை. காலை ஆறே முக்கால் இருக்கும்; பசுவின் வாளி நிறைந்து, முற்றமெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது குடிநீர்க் கமிட்டித் தலைவி சத்யபாமா, உறுப்பினர் நார்பர்ட்டுடன் வந்து நின்றார்.

"எடி ஜிஜி, இது கொழாயா, நெய்யாறா? நார்பர்ட்டே, அந்த ஸ்பானரை எடும்."

"வெட்டாதீங்க சேச்சி! பால் வித்தாக்கும் இங்க அடுப்பெரியுது" என்று கெஞ்சிய ஜிஜி, பயத்தில் வாய்க்கு வந்ததையும் சொல்லிவைத்தாள்: "குடிச்சு முடிஞ்சா பசுவே அடைச்சிரும்."

"பசுவா? அடைக்கட்டும், பாப்போம்."

பசு கடைசி மடக்கைக் குடித்தது. தலையைத் தூக்கிக் குழாயை ஒரு பார்வை பார்த்தது. தண்ணீர் நின்றது.

குழாயின் கைப்பிடி அசையக்கூட இல்லை. நார்பர்ட் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். சத்யபாமா செருப்பைக் கழற்றினார். எல்லாரையும்விட அதிகமாக வாய் பிளந்து நின்றவள் ஜிஜிதான்.

"மக்கா, ஒனக்க கனெக்‌ஷனுல இனி எவனும் கைவைக்க மாட்டான்" என்று தழுதழுத்தார் சத்யபாமா. "இந்தப் பசுவைக் கமிட்டியில சேக்கணுமாக்கும்."

"வைஸ் பிரசிடென்ட் எடம் காலியாத்தானே கெடக்கு?" என்றார் நார்பர்ட்.

அம்பூரியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால், தினமும் காலை ஏழு மணிக்கு அடைக்கும் ஊர்த் தொட்டியின் வால்வை, ஆபரேட்டர் வேலாயுதன் அன்று ஆறு ஐம்பதுக்கே அடைத்துவிட்டுப் பஸ் ஏறியிருந்தார்.