மூன்றாவது வரி

போலீஸ் வேனில் இடமில்லை என்று அவளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

"அடுத்த வண்டி வரும், நில்லும்மா" என்றார் ஏட்டையா.

அடுத்த வண்டி வரவில்லை.

நடந்தே வந்தாள். கைதானவர்களை அடைத்து வைத்திருந்த கல்யாண மண்டபத்துக்கு, மதிய வெயிலில், இரண்டு மைல்.

வாசலில் அதே ஏட்டையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அரெஸ்ட் ஆனவங்க மட்டுந்தான் உள்ள."

"நானும் மணல்ல நடந்தேன் சார்."

"லிஸ்ட்ல பேர் இல்லையே. வீட்டுக்குப் போ."

சீட்டு இல்லாமல் யாரும் கடற்கரையில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டு ஒரு மாதம் ஆகிறது. துறைமுகத்துக்கு வேலி போடுகிறார்களாம். மீன் விற்கிற பெண்களுக்குச் சீட்டு கிடையாதாம்.

காலையில் எல்லாரும் சீட்டில்லாமல் இறங்கி நடந்தார்கள்.

நடக்கச் சொன்னது அவள் எழுதிய துண்டறிக்கை. அதை எழுதுவதற்காக, அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற மாலை வகுப்புக்கு நான்கு நாள் போகவில்லை. ஆறு முறை திருத்தினாள். தன் கையாலேயே எழுதி ஜெராக்ஸ் எடுத்தாள். கீழே பேர் போடலாமா, அது விளம்பரம் ஆகிவிடுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மீன் விற்கிற ஜெசிந்தா தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பேரு வேண்டாம்ட்டி. கேஸு விழுந்துட்டா ஒன் வேல கனவு அம்போதான்."

இப்போது ஜெசிந்தா உள்ளே இருந்தாள்.

திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. மேடையில் நேற்றுக் கல்யாணம் ஆனவர்களின் பேர்கள் தெர்மோகோலில் மின்னின. அதற்குக் கீழே சப்பணம் போட்டு, போலீஸ் கொடுத்த புளியோதரையைத் தின்றுகொண்டிருந்தாள். நடுவில் ஏதோ சொன்னாள். சுற்றியிருந்த பெண்களுக்குச் சிரித்துப் புரையேறியது.

காலையில் பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்ததும் அவளைத்தான். முழங்கால் தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. உத்தரவு என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது.

தனக்குள் எரிவது என்ன என்று வாசலில் நின்றவள் நிதானமாகப் பார்த்தாள். கோபமா? இல்லை. பயமா? கொஞ்சம்.

மீதி பொறாமை.

ஆய்வாளர் அம்மா மண்டபத்து மைக்கை எடுத்தார். கையில் துண்டறிக்கை.

"இத எழுதினது யாரு? எழுதினவ மேல மட்டுந்தான் கேஸ். ரிமாண்டு. மத்தவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்."

ஒளிய மாட்டோம், தண்டனையை ஏற்போம். துண்டறிக்கையின் கடைசி வரி அது.

அவள் வாயைத் திறந்தாள்.

"நாந்தான்" என்றாள் ஜெசிந்தா, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

"நீயா? எத்தனாவது படிச்ச?"

"எட்டு. பாஸு."

"எங்க, பாக்காமச் சொல்லு."

ஜெசிந்தா மைக்கை வாங்கினாள். முதல் வரி அப்படியே வந்தது. இரண்டாவதும் வந்தது.

மூன்றாவது வரி: மேற்படி உத்தரவு அநீதியானது என்பதால் அதற்குக் கீழ்ப்படிய மறுப்பது எங்கள் தார்மீகக் கடமை. அவள் ஆறு முறையும் திருத்தியது அதைத்தான்.

ஜெசிந்தா ஒரு கணம் திணறினாள். மேலே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க கால் படாத மண்ணுக்குக் கரைன்னு பேரு கெடையாது."

மண்டபம் கை தட்டியது. ஒரு கிழவி விசில் அடித்தாள்.

"அது இல்ல" என்றாள் அவள் வாசலில்.

ஏட்டையா திரும்பினார். "எது இல்ல?"

"மூணாவது வரி. அவ மாத்திச் சொல்லுதா. நான் எழுதுனது வேற."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

உள்ளே கூட்டிப் போனார்கள். ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தியேட்டி, பாவி. ஒன்ன எவ வரச் சொன்னா?"

ஆய்வாளர் அம்மா ஒரு வெள்ளைத்தாளை மேசையில் போட்டார். "எழுது. கையெழுத்தப் பாப்போம்."

எழுதினாள். முதல் வரி. இரண்டாவது வரி.

பேனா நின்றது.

தார்மீகக் கடமை என்று எழுத வேண்டும். அந்த வார்த்தைகள் மாலை வகுப்பு நோட்டில் இருந்து வந்தவை. அவற்றில் ஒரு துளி மணல்கூட இல்லை.

எங்கள் கால் படாத மண்ணுக்கு என்று எழுதத் தொடங்கினாள். முடித்தாள். கடைசி வரி வரைக்கும் போய்த் தாளைக் கொடுத்தாள்.

ஆய்வாளர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையெழுத்து ஒண்ணுதான். ஆனா இந்த வரி அறிக்கையில இல்ல. அவ சொன்ன வரில்ல இது? ரெண்டு பேரும் சேந்து எழுதுனீங்களா? அப்ப ரெண்டு பேரையும் ஏத்திருவேன்."

ஜெசிந்தாவுக்குக் கைக்குழந்தை இருந்தது.

ஆனால் அதற்காகத்தான் அடுத்த வார்த்தைகளைச் சொன்னதாகப் பின்னால் ஒருநாளும் அவளாலேயே சத்தியம் செய்ய முடியாது.

"இல்ல மேடம். அந்த வரியும் என்னோடதுதான். மொதல்ல அப்படித்தான் எழுதியிருந்தேன். அவளுக்கு அத மனப்பாடம் பண்ண மட்டுந்தான் தெரியும்."



ஜெசிந்தாவின் பேரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவள் பேரை எழுதினார்கள். தகப்பன் பேர், வயது, தெரு.

அவள் நிமிர்ந்தாள்.

ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை; சற்று முன் வாசலில் நின்று அவள் பார்த்த அதே பார்வை.