துபாய் கஸ்டமர்

“எந்திரிம்மா! வந்து உக்காந்தா எந்திரிக்கவே மாட்டியா? காலேஜ் பயலுக வெளிய காத்துக் கெடக்குறாய்ங்க பாரு.”

பிரவுசிங் சென்டர் நடத்தும் உமர் பாருக்கின் குரல் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். பலகைத் தடுப்புக்குள் இருந்த ஷர்மின் தலையைத் திருப்பாமலே, “இன்னும் ஒரு மணி நேரம் போட்டுக்கங்கண்ணே” என்றாள்.

“போடுறேன், போடுறேன். பொம்பளப்புள்ளைக்கு வெப்சைட்டு ஒன்னுதான் கொறச்சல். ஒங்க அத்தாகிட்டச் சொல்லி ஒரு தையல் மிசினு வாங்கு. பொழச்சுக்குவ.”

அந்த பிரவுசிங் சென்டரில் இலவசமாகக் கிடைப்பது இந்த ஏச்சு ஒன்றுதான். போட்டோஷாப் ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டர் ஊரில் வேறெங்கும் இல்லை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

தேனிக்கு பஸ் ஏறிப் போய் வெப் டிசைனிங் படித்தவள் ஷர்மின். படித்த சூட்டோடு மாதிரிக்கு ஒரு பக்கம் செய்து நெட்டில் போட்டு, அடியில் தன் ஈமெயிலையும் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்துத் துபாயிலிருந்து ஜாபர் என்று ஒருவர் எழுதினார். ஏலக்காய்க் கம்பெனியாம். அதற்கு அவள் செய்து தரும் வெப்சைட் பிடித்துவிட்டால் மாதச் சம்பளத்துக்கு அவளையே வைத்துக்கொள்வாராம்.

பிடித்தால்தானே! சாட்டில் வந்தாலே அந்த ஆளுக்குத் திட்டத்தான் தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைக் கொட்டி விளாசுவார்.

‘இது என்ன பச்ச? பாசி புடிச்ச தொட்டி மாதிரி இருக்கு.’

‘நீ படிச்சியா, இல்ல சர்டிபிகேட்ட வெலைக்கு வாங்குனியா?’

‘அங்கன கெடக்குற படத்தத் தூக்கி இங்கன வையி. வெரசா!’

துபாய்க்குப் போயும் மனுஷனுக்கு ஊர்ப் பேச்சு மாறவில்லை, நாக்கில்தான் தேள் கொடுக்கு முளைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். திருப்பி நாலு கேட்க விரல் துடித்தது. ஆனால் அத்தா வைத்த கெடு இன்றோடு முடிகிறது. துபாய்க்காரர் சரி என்று சொல்லாவிட்டால் நாளைக் காலையில் கம்பத்து ஜவுளிக்கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். படத்தைத் தூக்கி அவர் சொன்ன இடத்தில் வைத்தாள்.

கவுண்டர் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. அனுமந்தன்பட்டி சேவியர் வந்திருந்தார். ஜீப்பும் ஏலக்காய் எஸ்டேட்டுமாக வசதியான ஆள்.

“என்னப்பா பாருக்கு, நம்ம வெப்சைட்டு இன்னைக்காச்சும் கெடைக்குமா? ஊரெல்லாம் சொல்லிப்புட்டேன்.”

“உக்காருங்கண்ணே, இந்தா முடிஞ்சிரும். மதுரையில நம்ம டிசைனர் ஒருத்தரு செய்றாரு. அதான் கொஞ்சம் சுணக்கம்.”

ஷர்மினுக்குச் சுருக்கென்றது. உள்ளூரில் ஒருத்தி கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, வேலை மதுரைக்குப் போகிறது. முகம் தெரியாத அந்த மதுரைக்காரன் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

சாட்டில் அடுத்த உத்தரவு வந்தது. ‘மொத்த பைலையும் மெயில்ல அனுப்பு. முழுசாப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்.’

அனுப்பினாள். ‘வந்துருச்சு. இரு’ என்று பதில் வந்தது. இருந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பட்டென்று எல்லாம் அணைந்தது. மின்வெட்டு ஊரையே ஆட்டிப்படைத்த வருஷம் அது. அந்தச் சென்டரிலும் யுபிஎஸ் என்று ஒரு பெட்டி இருந்தது, அதற்கு உயிர் போய் வெகு நாளாகிவிட்டது.

“சனியன் புடிச்ச கரண்டு!” என்று உமர் பாருக் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டார்.

ஷர்மினின் செல்போன் அடித்தது. அத்தா அப்துல் வாஹித்.

“என்னம்மா, ஜவுளிக்கடைக்காரவுக ஆளு வருமா வராதான்னு கேக்குறாக. என்ன சொல்லட்டும்?”

“கொஞ்சம் பொறுங்கத்தா. இப்பச் சொல்லிருவாக.”

வேர்வையில் முகம் கசகசத்தது. இதற்குள் அந்த மனுஷன் கோபித்துக்கொண்டு போயிருப்பாரோ?

ஒருவழியாகக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் உயிர் பெற்று, நெட் கிடைத்து, ‘மன்னிச்சுக்கங்க சார்’ என்று அவள் தட்டி முடிப்பதற்குள் அங்கிருந்து வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு மேலே ஒரு வரி சாக்கு. அதற்குக் கீழே தீர்ப்பு.

‘பாத்தேன். தேறாது. ஒத்தப் பைசாவுக்கு ஆகாது. இந்தத் தொழிலுக்கு நீ லாயக்கே இல்ல. வேற பொழப்பப் பாரு.’

கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை உழைப்பும் ஒரு நொடியில் குப்பைக்குப் போய்விட்டதே! போகிற போக்கில் நன்றாகக் கேட்டுவிட்டாவது போகலாம் என்று மறுபடி மேலிருந்து படித்தாள். முதல் வரியில் நின்றாள். அதையே இன்னொரு முறை படித்தாள். முட்டிய கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

கவுண்டர் கம்ப்யூட்டருக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்திருந்தார் சேவியர். “பிரமாதம்ப்பா பாருக்கு! மதுரைக்காரன் மதுரைக்காரன்தான்!”

ஷர்மின் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போய் கவுண்டர் முன்னால் நின்றாள்.

“என்னம்மா, முடிஞ்சுதா? காச வச்சிட்டுக் கெளம்பு” என்றார் உமர் பாருக், நிமிராமலே.

“ஏண்ணே, துபாயிலயும் இப்பத்தான் கரண்டு வந்துச்சா?”