கணக்கில் ஏறிய கட்டைவிரல்

ஜன்னல் வழியாக விழும் மதிய வெயிலில் நூல் தூசி பறக்கிறது. தையல்கார அக்கா மிஷினை நிறுத்தாமலே எனக்குப் பதில் சொல்கிறாள். வீடு வீடாக இணையப் பயன்பாட்டுக் கணக்கெடுக்க வந்தவள் நான். என் முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் கோப்பால் விசிறிக்கொண்டு நிற்கிறார். வெளியே மாடிப்படியின் உச்சியில் அக்காவின் மகள், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். தெருவுக்கே அந்த ஒரு படியில்தான் சிக்னல். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்று கடைசி நாள். "மூணு மாசத்துல இன்டர்நெட் பயன்படுத்தினீங்களாக்கா?" "நானா? உதவித்தொகைக்குக் கட்டைவிரல் வச்சேன், ரேகை பாக்குற பொட்டி கீச்சுன்னுச்சு. அதோட சரி." "அதுவும் பயன்பாடுதாம்மா, ஆம்னு போடு," என்கிறார் மேற்பார்வையாளர். "இல்லைன்னு போடு கண்ணு, அப்பவாவது டவர் வைக்கட்டும்." "அட நீங்க வேற! போன வருஷம் இணையக் கணக்குல பக்கத்து நாடு நம்மள முந்திடுச்சு. இந்த வருஷம் வரைபடத்துல நம்ம கோடு மேல ஏறியே ஆகணும்." மிஷின் நிற்கிறது. அக்கா என்னையே பார்க்கிறாள். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படித்துக் கிழித்த நான், கணக்கெடுப்புக்குக் கொடுத்த போனில் 'ஆம்' என்று அழுத்துகிறேன். பதிவு போகவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "மேல போய் அனுப்பிட்டு வா," என்கிறார் மேற்பார்வையாளர். ஏறுகிறேன். அந்தப் படியில் ஓர் ஆளுக்குத்தான் இடம். மகளின் போனில் மதிப்பெண் சான்றிதழ் பாதி ஏறியிருக்கிறது. "கொஞ்சம் நகரு பாப்பா, இது அரசாங்க வேலை." அவள் ஒரு படி இறங்குகிறாள். சான்றிதழ் பாதியிலேயே நின்றுவிடுகிறது. என்னுடையது போய்ச் சேர்கிறது: இந்த வீட்டில் இணையம் உண்டு.