அரக்கி கேட்ட கேள்வி

பொருளாதாரத் தடைக்குள்ளான நாட்டினர் இணைய விளையாட்டில் அரக்கர்களாக மட்டுமே நுழையலாம். அவர்களோடு பேசுபவரும் அரக்கராக்கப்படுவார். இந்த விதி வந்தபோது நன்மாறன் அதை நியாயம் என்றே சொன்னான். அப்படியொரு நாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை குழலியின் தொலைபேசித் தொடர்பு முன்பே அறுந்திருந்தது.

ஒருநாள் விளையாட்டின் கோட்டை வாயிலில் ஓர் அரக்கி நன்மாறனின் பெயரைப் பார்த்ததும் வாளைக் கீழே போட்டாள். “அண்ணா, நான் குழலி. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா?”

“என்னடா, உன் சொந்தக்காரியா?” அணியினர் சிரித்தார்கள்.

“சேச்சே, யாருன்னே தெரியாது” என்று சொல்லி நன்மாறன் அவளை வெட்டினான்.

மறுநாளும் அவள் அதே வாயிலில் நின்றாள்.

“வலிக்கலண்ணா. இன்னைக்கும் வெட்டிக்கோ. அதுக்கு முன்னாடி அம்மா எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லிடு.”

அணியினர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். திரைக்கு அப்பால் தன் முகம் யாருக்கும் தெரியாது என்று அறிந்தும் நன்மாறன் தலையைக் குனிந்துகொண்டான். கை மட்டும் வாளை ஓங்கியது.