ஓடாத மெழுகு

"என்ரை அயனிலை கை வைச்சியளெண்டால் நடக்கிறது வேறை!"

அடுக்களைக்குள் நுழையும்போதே அஞ்சலீனா சத்தம் போட்டாள். அங்கே இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே ஒரு சோடி பனிச்சறுக்குப் பலகைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் கணவன் நிர்மலன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கத்தியதில் நியாயம் உண்டு. போன வருடம் இந்த மனுசன் அவள் உடுப்பு அழுத்தும் அயனைச் சூடாக்கி, வழுக்கி ஓடவென்று பலகைக்கு மெழுகு பூசப்போய், நீராவித் துளைகளையெல்லாம் அடைத்து, புகை கிளப்பி, அவர்களுடைய நோர்பரி வீட்டு அலாரத்தை அலறவைத்திருந்தார். அடுத்த ஞாயிறு பூசைக்கு எடுத்த வெள்ளைச் சேலையில் நீல மெழுகு அப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

"கோவிக்காதையும். இந்தமுறை இதுக்கெண்டே ஒண்டு வாங்கிட்டன். பாரும், அடியிலை ஓட்டையே இல்லை. சூடும் ஒரே அளவிலை நிக்கும்."

"அயன் புதுசு. தோள் எலும்பு பழசுதானே?"

நிர்மலன் போன வருடம் பிரெஞ்சு மலையில் விழுந்து உடைத்த தோளைத் தடவிக்கொண்டார். கவுன்சில் வேலை நண்பர்களோடு வருடத்தில் ஒரு கிழமை இந்தப் பனிச்சறுக்கு. மகள் கல்யாணம் முடித்துச் சட்டன் பக்கம் குடிபோனபிறகு, அந்த ஒரு கிழமையைத் தனியே தள்ளுவதற்குள் அஞ்சலீனாவுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். ஃபோன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

"இஞ்சாரும், இதை ஒருக்கால் நிமித்திப் பிடியும்."

பிடித்தாள். பலகை அவள் நாடியளவுக்கு வந்தது. அவர் எட்ட நின்று பார்த்து, "சரியா இருக்கு," என்று திரும்ப வாங்கி வைத்தார்.

மேசையில் மூன்று நிறத்தில் மெழுகுக் கட்டிகள் கிடந்தன.

"ஏன் இத்தினை?"

"நீலம் கடுங்குளிருக்கு. சிவப்பு இளகின பனிக்கு. இந்த மஞ்சள் எதுக்கும் போடலாம். ஆனா அவ்வளவு ஓடாது."

"நீங்கள் எதைப் போடப் போறியள்?"

"மஞ்சள்தான். இதுக்கு வேகம் வேண்டாம்."

அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் நம்பத்தான் முடியவில்லை. போன வருடமும் 'கவனமாப் போறன்' என்று சொன்ன வாய்தானே இது!

"நான் ஒண்டு கேக்கட்டே? இந்த வருசம் போகாமல் விடுங்கோவன்."

"டிக்கெற் எடுத்தாச்சு, அஞ்சலீனா."

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது. "பார்சல் வந்திட்டுது போல," என்று முகம் மலர ஓடினார்.

அஞ்சலீனா ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஹோலுக்குப் போய், மாதா சுரூபத்தின் முன்னாலிருந்த மெழுகுதிரியை எடுத்து வந்தாள். மடுத் திருவிழாவுக்குப் போன மச்சாள் மந்திரித்துக் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு பலகைகளிலும் நுனி தொடக்கம் அடிவரை அழுத்தித் தேய்த்தாள்.

"மாதாவே, இது ஓடக்கூடாது. இந்தாள் முழுசாத் திரும்பி வரவேணும். இவரை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

கண்ணீர் பலகையில் விழுந்தது. அதைத் துடைப்பதற்குள் நிர்மலன் பார்சலோடு வந்துவிட்டார். கறுப்புப் பலகையில் வெள்ளைக் கோடுகள்.

"என்னப்பா இது? மெழுகுதிரியோ?"

மறைக்க முடியவில்லை. "ஓம். மடுமாதான்ரை. இனி இது ஓடாது. ஏசுறதெண்டால் ஏசுங்கோ. எனக்கு உங்களை விட்டிட்டு இருக்கேலாது."

நிர்மலன் ஏசவில்லை. பார்சலைப் பிரித்தார். உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு பனி ஜாக்கெற். அதை எடுத்து அவள் தோளில் போட்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"அந்த மெழுகுதிரியிலை மிச்சம் இருந்தால் தாரும்," என்றார். "என்ரை பலகை காருக்குள்ளை கிடக்கு. இது உம்மடை."