வெள்ளிக்கிழமை நெருப்பு

விளக்கு வைக்கும் நேரத்தில் அழகம்மா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் வெறும் தேங்காய்ச் சிரட்டை.

“கொஞ்சம் நெருப்பு குடுங்கக்கா.”

தீப்பெட்டி நமுத்துப்போகும் மழைக்காலத்தில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் நெருப்பு கைமாற்றாகத்தான் போகும், வரும். ஆனாலும் பாலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துல யாராச்சும் நெருப்பு குடுப்பாங்களாடி? வீட்டு லட்சுமிய வாரிக் குடுத்த மாதிரி ஆயிராது? ஆமா, ஒன் நிழல எங்க காணோம்?”

நிழல் என்றது அழகம்மாவின் புருஷன் ராஜலிங்கத்தை.

அவனைப் போல் ஒருவன் அமையாது என்று லயத்துப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். குடிக்க மாட்டான். சத்தம் போட மாட்டான். கொழுந்து பறிக்கும் மலைக்கு அவளைக் கொண்டுபோய் விடுவான், கூட்டி வருவான். கங்காணி அவளிடம் ஏதாவது கேட்டால் இவனே பதில் சொல்வான். கோயில் திருவிழாவுக்குக்கூடத் தனியே விடமாட்டான்.

கடல் தாண்டி வந்த பெண்ணுக்கு இந்தப் பக்கம் வேறு நாதியில்லை, அதனால்தான் இப்படித் தாங்குகிறான் என்று பாலம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

“பீலிக்குக் குளிக்கப் போயிருக்காரு” என்றாள் அழகம்மா. பேசும்போதே, ஊற்றுத் தண்ணீர் கொட்டும் அந்தப் பீலிக்குப் போகும் பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சிரட்டை பிடித்த மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“கையில என்னடி?”

“பீலியில வழுக்கிருச்சுக்கா.”

பாதையில் வாளி கிணுங்கியது. அழகம்மா மறுவார்த்தை இல்லாமல் போய்விட்டாள். அவள் தோளுக்கு மேலே குழந்தையின் தலை ஆடியது. அதற்குத் தீபாவளிச் சட்டை போட்டிருந்தாள்.

கோயிலுக்குப் போகிறவள்போல என்று நினைத்தபடி பாலம்மா வெளியே எட்டிப் பார்த்தாள்.

அழகம்மா குடியிருக்கும் அடுத்த காம்பராக் கூரையில் புகை எழுந்துகொண்டிருந்தது. சோறு வேகிற புகை.

அடுப்பு எரிகிறது. பிறகு எதற்கு நெருப்பு?

பீலியில் வழுக்கிவிட்டது. பாலம்மாவின் ஒரே மகள் செத்த அன்று மருமகனும் அதையேதான் சொன்னான்.

பக்கத்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. குழந்தை அழக்கூட இல்லை.

ஒரு சிரட்டையில் நெருப்புக் கங்குகளை அள்ளிக்கொண்டு ஓடிய பாலம்மா தன் வாசலிலேயே நின்றுவிட்டாள். நெருப்பைக் கொண்டுபோனால், அழகம்மா கேட்டு வந்தது அவனுக்குத் தெரிந்துபோகும்.

பாலம்மா திரும்பினாள். கங்குகளை அடுப்பிலேயே கொட்டினாள். செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை அடுப்பு புசுபுசுவென்று அவிந்தது.

வெறும் சிரட்டையோடு போய்க் கதவைத் தட்டினாள்.

ஒரு சாண் திறந்தது. ராஜலிங்கம் சிரித்த முகமாக நின்றான்.

“என் அடுப்பு அணைஞ்சுபோச்சு தம்பி. அழகம்மா வந்து பத்தவச்சுக் குடுக்கட்டும். புள்ளையும் கூட வரட்டும்.”

“வெள்ளிக்கிழமையில நெருப்பு குடுக்கக் கூடாதே அக்கா. ஒங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் தம்பி” என்றாள் பாலம்மா.

கதவு சாத்த முடியாதபடி, வலது காலை எடுத்து நிலைக்குள் வைத்தாள்.