கையைப் பிடித்துப் பார்த்தவர்

"மூளைக்கு அடியில சின்னக் கட்டி. தலைவலியும் அதனாலதான், கை, கால், முகமெல்லாம் பெருசாகிறதும் அதனாலதான்," என்றார் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரி டாக்டர். "அபூர்வமான நோய். நல்லவேளை, கண்பார்வை போறதுக்குள்ள வந்துட்டீங்க. ஆபரேஷன் பண்ணிடலாம்."

தனபாக்கியம் பக்கத்திலிருந்த கணவன் பாண்டுரங்கனைப் பார்த்தாள். இத்தனை நாளும் எல்லோரும் தலைவலி மாத்திரைதான் கொடுத்திருந்தார்கள்.

"யாரும்மா கண்டுபிடிச்சு அனுப்பினது?"

"எங்க செஞ்சி ஹுசைன் பீ அம்மா சார். கையைப் புடிச்சதுமே சொல்லிட்டாங்க," என்றாள்.

"கெட்டிக்கார டாக்டர்! அவங்களுக்கு நானே லெட்டர் போடணும். எந்த ஆஸ்பத்திரி?"

"டாக்டர் இல்ல சார், வளையக்கடை வெச்சிருக்கிறவங்க. மூணு வருசத்துக்கு முன்ன எனக்கு ரெண்டேகால் சைஸு. இந்தப் பொங்கலுக்கு ரெண்டரையே ஏறல. 'இது சதை இல்லம்மா, எலும்பு. பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வா, அப்புறம் போடுறேன்'னு வெறுங்கையோட அனுப்பிட்டாங்க."

பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல நாளும் அதுவுமா சுமங்கலிய வெறுங்கையோட அனுப்புவியான்னு கேட்டு, அந்தம்மா கடை வளையலையெல்லாம் ஒடைச்சுட்டு வந்தவன் நான்தான் சார்."